பழம் சாப்பாட்டில் சேராது

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஏப்ரல் மாதம் ஒரு வதந்தி கிளம்பியது. டைம் கீப்பர் கஸ்பார் வெறும் பழமாகத் தின்றே இருபது கிலோ ஏறிவிட்டார்; புனித வெள்ளியன்று பாஸ்கா நாடகத்தில் அவரை ஏற்றிய சிலுவை நடுவில் முறிந்துவிட்டது; தூக்கிப் பிடித்த ஆறு பேரும் ஆண்டவரோடு சேர்ந்து உருண்டார்கள். செம்பட்டி வண்டியில் ஏறும்போது முறிந்தது சிலுவை மட்டும்தான். செம்பட்டியில் இறங்கும்போது கோயில் சுவரிலும் விரிசல் விட்டிருந்தது.

விசாரித்துப் பார்த்தால் சிலுவை முறியவில்லை. ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் அது முழுசாகச் சாய்ந்து நிற்கிறது. நம்பாதவர்கள் போய்த் தட்டிப் பார்க்கலாம். இருபது கிலோவும் பொய், ஆறு கிலோதான். அதுபோக, கஸ்பார் அந்த வருஷம் சிலுவையில் ஏறவே இல்லை. பழம் தின்றார் என்ற ஒரு விஷயம் மட்டும் உண்மை. அதுவும், வதந்தியில் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலான உண்மை.

கஸ்பாருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. தனியார் பஸ் முதலாளிகள் கூடிச் சம்பளம் கொடுக்கும் டைம் கீப்பர் வேலை. தகரக் கூண்டுக்குள் ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, ஒரு விசில். விசிலை ஊதினால் வண்டி கிளம்ப வேண்டும். கிளம்பாத வண்டியின் டிரைவரும் திட்டுவார், அடுத்து வர வேண்டிய வண்டியின் டிரைவரும் திட்டுவார், இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பயணியும் சும்மா இருக்க மாட்டார். அவர்கள் சொன்ன வார்த்தைகளை அச்சில் போட எந்தப் பத்திரிகையிலும் எழுத்துக் கிடையாது. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்ச நாளும் இதே கச்சேரிதான்.

ஒரே ஒரு நாள் மட்டும் வேறு. புனித வெள்ளி மாலையில் ஊர்க் கோயில் மைதானத்தில், ஆண்டவருடைய பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்காவில், கஸ்பார்தான் இயேசு. பதினோரு வருஷமாக அவர்தான். தாடி ஒட்டி, வெள்ளை அங்கி போட்டு, சிலுவையைத் தோளில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தால், வழியெல்லாம் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். "ஐயோ என் ராசா" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகத்தான் அவர் மிச்ச நாள் முழுக்க விசில் ஊதினார் என்று சொன்னால் தப்பில்லை.

அந்த உத்தியோகத்துக்குத்தான் இப்போது ஆபத்து.

காரணம் போன வருஷத்து நாடகம். சிலுவையைக் குழியில் இறக்கி நிமிர்த்தும்போது, தூக்கிய ஆறு பேரில் இரண்டு பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மிச்ச நாலு பேர் நிறுத்திய அளவுக்குச் சிலுவை சாய்வாகவே நின்றது. ஆண்டவர் தம் கடைசி ஏழு வார்த்தைகளையும் செம்பட்டி ரோடு பக்கமாகச் சாய்ந்தபடியே சொல்லி முடித்தார். முன்வரிசையில் இருந்த கிழவிகள், பூமி அதிர்ச்சி ஒரு காட்சி முன்னதாகவே வந்துவிட்டது என்று நினைத்து முழந்தாளிட்டார்கள்.

கோயில் உபதேசியார் மரியராஜ்தான் பாஸ்காவுக்கு ஆசிரியர், டைரக்டர், திரை இழுப்பவர் எல்லாம். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் கஸ்பாரை மணிக்கூண்டு ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏலே கஸ்பாரு, இப்ப எம்புட்டு இருக்க?"

"எழுவத்தெட்டு இருக்கும் உபதேசியாரே."

"நாப்பது நாள் உபவாசம் இருந்த ஆண்டவரு எழுவத்தெட்டுக் கிலோவா இருப்பாரு? குருத்து ஞாயித்துக்கு மொத நாள் நிறுப்போம். எழுவது. அதுக்கு மேல ஒரு கிலோ இருந்தாலும் அங்கி ஆண்டனிராஜுக்குப் போயிரும்."

ஆண்டனிராஜ் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிற பையன், இருபத்து நாலு வயது. பாஸ்காவில் இதுவரை யோவான் வேஷம். துவைத்துக் கொடியில் காயப்போட்ட சட்டைக்குக் கால் முளைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருப்பான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவன், "எனக்கு ஆசையெல்லாம் இல்லண்ணே" என்றான். ஆசை இல்லாதவன் எதற்கு அந்த மாதம் முழுக்கத் தாடி வளர்த்தான் என்று கஸ்பாருக்கு விளங்கவில்லை.

கஸ்பார் கலங்கவில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தால் ஒருசந்தி வரும். நாளுக்கு ஒரு வேளைதான் முழுச்சாப்பாடு. கறி, மீன் கிட்டே வரக்கூடாது. பரோட்டாவும் பிரியாணியும் விட்டாலே எட்டுக் கிலோ தானாகக் கழன்றுகொள்ளும் என்று கணக்குப் போட்டார். மிச்ச நேரம் பசித்தால்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பழம்.

"பழம் சாப்பாட்டில் சேராது" என்பது கஸ்பாருடைய கட்சி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாவட்டமே அந்தக் கட்சிதான். மத்தியானம் யாரையாவது பார்த்து "சாப்டாச்சா?" என்று கேளுங்கள். "எங்க, ரெண்டு வாழப்பழம் போட்டேன், அம்புட்டுத்தான்" என்பார்கள். முகத்தில் பட்டினி கிடந்த களை இருக்கும். உலை வைத்து இறக்காதது, இலை போட்டுப் பரிமாறாதது, தொட்டுக்க வெஞ்சனம் கேட்காதது எதுவும் நம்மூரில் சாப்பாடு இல்லை. சாப்பாடே இல்லாத ஒன்றைச் சாப்பிட்டு ஒரு மனுஷன் எப்படிக் குண்டாவான்?

பழத்துக்கும் பஞ்சமில்லை. இரண்டு நிமிஷத் தாமதத்தை நோட்டில் ஏற்றாமல் விடுவதற்காகக் கண்டக்டர்கள் கூண்டுக்குள் எப்போதும் ஏதாவது நீட்டுவார்கள். பெரும்பாலும் வடை, சில நாள் பொட்டலம் கட்டிய பிரியாணி. கஸ்பார் ஒரே நாளில் உத்தரவு போட்டுவிட்டார்: தவக்காலம் முடியும்வரை பழம் மட்டும். சிறுமலை வண்டியில் மலைவாழை சீப்புச் சீப்பாக இறங்கியது. எரியோட்டு வண்டியில் தர்பூசணி. செம்பட்டி வழியாக வரும் கம்பம் வண்டியில் பன்னீர் திராட்சை. ஒட்டன்சத்திரத்துக் கண்டக்டர் வேலுசாமி பை நிறைய ஆயக்குடிக் கொய்யாவோடு வருவார்.

"ஏனுங்க, ஒரு பை கொய்யாவும் இப்பவே தின்னுப்போட்டீங்களா? வண்டி இன்னும் ரிவர்ஸ்கூட எடுக்கலீங்க."

"பழந்தானப்பு" என்பார் கஸ்பார்.

டீயையும் விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் சப்போட்டாவைப் பாலில் அடித்து, சீனி போட்டு, ஒரு பெரிய கிளாஸ். அதுவும் பழம்தான்.

வாராவாரம் சனிக்கிழமை எடை பார்ப்பது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முகமது பாரூக் நடத்தும் பழ மண்டியில். கஸ்பாரும் அவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று அங்கே உண்டு. முதல் தடவை ஏறியபோது எழுபத்தாறரை காட்டியது. கஸ்பார் தராசைத் தொட்டுக் கும்பிட்டார். அடுத்த வாரம் எழுபத்தெட்டு. அதற்கடுத்த வாரம் எண்பத்தொன்று.

அந்த வருஷம் சாம்பல் புதனும் ரம்ஜான் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தன. பாரூக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். தராசில் நின்ற கஸ்பார் கையில் பாதிக் கொய்யா இருந்தது.

"மாப்ள, நோன்பாளி முன்னாடி திங்காதன்னு நான் சொல்லல. தராசு மேல நின்னு திங்காதன்னுதான் சொல்றேன். முள்ளு நிக்க மாட்டேங்குது."

"ஒங்க தராசு சரியில்ல பாய்."

"இதே தராசுல காலைல நாப்பது மூட்டை போயிருக்கு. ஒரு மூட்டையும் இப்படிப் பேசல."

"அப்ப எப்படி ஏறும்? நான் ஒண்ணுமே சாப்புடறதில்லயே."

பாரூக் செத்த நேரம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் பழம் விக்கிறவன். பழம் தின்னா எளைச்சிருவன்னு சொன்னா எனக்குத்தான் லாபம். ஆனா நோன்பு தொறக்கறப்ப கஞ்சி, வடை, பேரீச்சம்பழம், சர்பத்துன்னு உள்ள தள்ளி எனக்கே ரெண்டு கிலோ ஏறிக் கெடக்கு. வவுத்துக்கு நோன்பும் தெரியாது, ஒருசந்தியும் தெரியாது மாப்ள. உள்ள என்ன வருதுன்னு மட்டுந்தான் பாக்கும்."

கஸ்பார் இதை ஒரு வியாபாரியின் பேச்சாக எடுத்துக்கொண்டு, போகிறபோது ஒரு பப்பாளி வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் ஜோஸ்பினுக்கு வேறு கஷ்டம். தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவள் என்பதால் அங்கியும் அவள் பொறுப்புதான். போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு ஞாயிறும் இடுப்பில் ஒரு பட்டைத் துணி கூட வைக்க வேண்டியிருந்தது.

"ஏங்க, நான்சி அப்பா, ஆண்டவரோட அங்கி மேலருந்து கீழ வரைக்கும் தையலே இல்லாததுன்னு வேதத்துல இருக்கு. இதுல நாலு தையல் ஆகிப்போச்சு. கிழிக்க மனசில்லாமத்தான் போர்ச்சேவகனுங்க சீட்டுப் போட்டாங்க. இப்ப சீட்டே போட வேணாம், ஆளுக்கு ஒரு பட்டையாப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிரலாம்."

"துணி சுருங்கிருச்சு ஜோஸ்பினு."

"நீங்க சுருங்கலியே."

நாலாவது வாரம் தராசு எண்பத்து நாலு காட்டியது. அன்றைக்கே ஜோஸ்பின் தன் சித்தி மகள் அமலராணியிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள். அமலராணி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினெட்டு வருஷ அனுபவத்தில், நோயாளி சொல்வதை நம்பக் கூடாது என்ற ஒரு பாடத்தைத் திடமாகக் கற்றிருந்தாள்.

"என்னத்தான் சாப்புடுறீங்க அத்தான்?"

"ஒரு வேளைதாம்மா. மத்தியானம். சாம்பார், ரசம், மோரு."

"சோறு?"

"ஒரு வேளதானேன்னு கொஞ்சம் தாராளமா."

"மத்த நேரம்?"

"ஒண்ணுமில்ல."

"பழம்?"

"அது திம்பேன்."

"நாளைக்கு முழுக்க நீங்க திங்கிற பழத்தோட தோலு, கொட்டை, காம்பு எல்லாத்தையும் ஒரு பையில போட்டுச் சாயங்காலம் கொண்டாங்க" என்றாள் அமலராணி.

மறுநாள் கஸ்பார் கொண்டுவந்தது பை அல்ல, சாக்கு. டவுன் பஸ் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். ஆஸ்பத்திரிக் குடியிருப்பு வாசலிலிருந்து இரண்டு ஆடுகள் பின்னாலேயே வந்து, அமலராணி வீட்டுப் படியில் நின்றுகொண்டன. அவள் தரையில் தினத்தாளை விரித்துக் கொட்டினாள். மலைவாழைத் தோல் இருபத்தாறு. அரைத் தர்பூசணி ஓடு. சப்போட்டாக் கொட்டை ஒரு கை. பப்பாளித் தோல் ஒரு முழுப் பழத்துக்கானது.

"கொய்யா?"

"அதுல மிச்சம் எதுவும் விழாதேம்மா. காம்பு மட்டும் கெடக்கும் பாரு."

"திராட்சை?"

"கொட்டையோட முழுங்கிருவேன். அதனால கொண்டார முடியல."

ஜோஸ்பின் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். அமலராணி தோல்களைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"அத்தான், பழம் நல்லதுதான். நான் இல்லேங்கல. காலைல ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு தின்னீங்கன்னா வயிறும் நல்லாருக்கும், நானும் கையெடுத்துக் கும்புடுவேன். பச்சைக் காயும் சேத்துக்கிட்டு, சோத்தப் பாதியாக்கிட்டு, ஜூஸ விட்டுட்டுப் பழம் தின்னா அது பத்தியம். ஆனா சோத்தையும் குமிச்சுத் தின்னுட்டு, அதுக்கு மேல இதையும் தின்னா? இது ஒருசந்தியா? ஒரு கலியாணப் பந்தி எந்திரிச்ச எடம் மாதிரி இருக்கு."

"பழத்துல வெறும் தண்ணிதானேம்மா?"

"இனிக்குதா இல்லியா?"

"இனிக்கும்."

"தண்ணி இனிக்குமா?"

கஸ்பார் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வாழைப்பழத் தோலைச் சந்தேகத்தோடு பார்த்தார். வாசலில் ஆடுகள் பொறுமை இழந்து கத்தின.

அன்றிலிருந்து கஸ்பார் அமலராணி சொன்னபடி கேட்டார். நாளுக்கு மூன்று பழம். மத்தியானம் அரைவயிறு. சிறுமலை வண்டி வந்தால் கூண்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வடைக்கும் போகவில்லை. லஞ்சம் வாங்காத டைம் கீப்பரைப் பார்த்துக் கண்டக்டர்கள் கதிகலங்கிப் போனார்கள். இரண்டு வாரம் அத்தனை வண்டியும் நேரத்துக்குக் கிளம்பின. பயணிகள் ஓடி வந்து தவறவிட்டார்கள், அதற்கும் கஸ்பாரையே திட்டினார்கள்.

ஆனால் இரண்டு வாரம் இரண்டு வாரம்தான். புனித வெள்ளிக்கு ஆறு நாள் இருக்கையில், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், மண்டியில் மரியராஜ், சிலுவை தூக்கும் ஆறு பேர், ஆண்டனிராஜ், எதற்கு வந்தோம் என்று தெரியாத இன்னும் நாலு பேர் எல்லாம் கூடியிருந்தார்கள். கஸ்பார் தராசில் ஏறினார். எண்பத்திரண்டு.

"செருப்பக் கழட்டுறேன்" என்றார். கழட்டினார். சட்டையைக் கழட்டினார். இடுப்புச் சாவிக்கொத்து, விசில், பெல்ட் எல்லாம் வாழைத்தார் மேல் போய் உட்கார்ந்தன. கழுத்தில் கயிறு கோத்துத் தொங்கிய துணி உத்தரியத்தில் கை வைத்தபோது மரியராஜ் தடுத்தார்.

"அது வேணாம்ப்பா. அது மாதாவோடது. அதுல என்ன கனம் இருக்கப் போகுது."

எண்பத்தொன்றரை.

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போன வருஷம் இடுப்புப் பிடித்தவர்களில் ஒருவர், அறியாமலே கையை முதுகுக்குக் கொண்டுபோனார். பிறகு ஆண்டனிராஜ் ஏறினான். ஐம்பத்திரண்டு.

"ஏலே, நீ தவக்காலத்துல என்ன தின்ன?" என்றார் கஸ்பார்.

ஆண்டனிராஜ் காலால் தரையைக் கீறினான். "பரோட்டாண்ணே. பட்டறைக்கு எதுத்தாப்புல கடை. தெனமும் ஆறு. வெறும் குருமாதாண்ணே, கறி தொடல."

இந்த உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருக்கிறதா என்று கஸ்பார் யோசித்தார். யோசித்தபடியே சட்டையை உள்புறம் வெளியே வரப் போட்டுக்கொண்டு, மண்டிக்கு வெளியே போய்க் காலி மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மரியராஜ் வந்து பக்கத்தில் நின்றார்.

"கஸ்பாரு, ஏரோது வேஷம் ஒண்ணு காலியா இருக்கு."

"வேணாம் உபதேசியாரே."

"ராசா வேஷம். கிரீடம் உண்டு. ஒக்காந்தே இருக்கலாம், யாரும் தூக்க வேண்டியதில்ல."

"பதினோரு வருஷமா எனக்காக அழுதவுக முன்னாடி, ஆண்டவரக் கேலி பண்ணுறவனா வரச் சொல்றீகளா?"

"ஒனக்காக அழுதாகன்னு நீ நெனச்சதுதான் தப்பு" என்றார் மரியராஜ். சொன்னபிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் ஜோஸ்பின் அங்கியின் நாலு பட்டையையும் பிரித்து எடுத்து, ஐம்பத்திரண்டு கிலோவுக்குத் தக்கபடி சுருக்கித் தைத்தாள். மெஷின் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் கஸ்பார் கொல்லைக்குப் போய் நின்றார். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில், "அந்தக் கிரீடம் தலைக்குச் சேருமான்னு பாரு" என்றார், தட்டைப் பார்த்தபடி.

புனித வெள்ளி மாலை. ஏரோது அரண்மனை என்றால் அலங்காரம் வேண்டும் என்பதற்காக, மேடையில் அரியணைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பழத்தட்டு. பாரூக் மண்டியிலிருந்து இரவல் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை தன் அக்கா மகள் ஷப்னத்தின் நிக்காஹுக்கு வைக்க அவர் பொறுக்கி எடுத்த பழங்கள் அவை. "பாக்க மட்டுந்தான் மாப்ள, அப்படியே திரும்பி வரணும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

ஆளுநர் பிலாத்து அனுப்பி வைத்த இயேசுவைச் சேவகர்கள் இழுத்து வந்து ஏரோது முன்னால் நிறுத்துகிற காட்சி. ஏரோது ஏதாவது அற்புதம் செய்து காட்டச் சொல்லிக் கேள்வி மேல் கேள்வி கேட்க வேண்டும். இயேசு ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் தலை குனிந்து நிற்க வேண்டும்.

திரை விலகியது. ஆண்டனிராஜ் தலை குனிந்து நின்றான். அவனைப் பார்த்த உடனே, பதினோரு வருஷப் பழக்கத்தில், கஸ்பாருடைய தலையும் தானாகக் குனிந்துகொண்டது.

இயேசு பேசவில்லை. ஏரோதும் பேசவில்லை. மைதானத்தில் ஆயிரம் பேர். குழந்தைகள்கூட அழவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து மரியராஜ், "கேளுலே... ஒரு அற்புதம் செஞ்சு காட்டுன்னு கேளுலே..." என்று பல்லைக் கடித்தார். கஸ்பார் காதில் எதுவும் ஏறவில்லை. இந்தக் காட்சியில் தன் வேலை வாயைத் திறக்காமல் இருப்பது என்பது ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது. ஆனால் கைகள் கட்டப்படவில்லை. சும்மா இருக்கிற கைக்கு ஏதாவது வேலை வேண்டும் அல்லவா? வலது கை மெல்ல நகர்ந்து தட்டுக்குப் போனது. ஒரு திராட்சை. இன்னொன்று. அப்புறம் ஒரு கொத்து.

கூட்டம் இதை வேறு விதமாகப் பார்த்தது. கட்டிப்போட்டு, அடித்துத் துவைத்துக் கொண்டுவந்த மனுஷனை எதிரில் நிற்க வைத்து, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், கொட்டையைக்கூடத் துப்பாமல், ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறான் ஒரு ராஜா. இத்தனை கொடூரமான ஏரோதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. முன்வரிசையில் வியாகுலம்மாள் கிழவி எழுந்து நின்றுவிட்டாள்.

"அடப் பாவி, பசியோட நிக்கிற ஆண்டவரு முன்னால திங்கிறியே, நீ வெளங்குவியாடா? ஒங் கொடலு அந்து விழ."

அவ்வளவுதான். ஆயிரம் பேரும் சேர்ந்துகொண்டார்கள். மண் வாரித் தூற்றினார்கள். ஒரு செருப்பு வந்து கிரீடத்தில் பட்டது. ஆண்டனிராஜ் உண்மையிலேயே அழ ஆரம்பித்துவிட்டான். கஸ்பாருக்கு என்னவோ பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்ட மாதிரி மனசு நிதானப்பட்டது. திட்டு வாங்குவதில் அவருக்கு நிகர் யார்? சாய்ந்து உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே தட்டிலிருந்த திராட்சை முழுவதையும் காலி செய்தார். திரையை இழுத்து மூடியபிறகும் வசவு நிற்கவில்லை.

அந்த வருஷத்திலிருந்து ஏரோது வேஷத்துக்கு வேறு ஆள் தேடப்படவில்லை. ஏரோதைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வருகிறார்கள். எண்பது கிலோவுக்குக் கீழே இறங்கினால் வேஷம் போய்விடும் என்று மரியராஜ் மிரட்டுவதாகவும், அமலராணிக்கும் அவருக்கும் அதில் சண்டை என்றும் கேள்வி. கஸ்பார் இப்போது நாளுக்கு மூன்று பழம்தான் தின்கிறார், எழுபத்தொன்பதில் நிற்கிறார். யாரிடமும் சொல்லாமல் அங்கிக்குள் ஒரு தலையணை வைத்துக்கொள்கிறார்.

அந்தப் பழத்தட்டுக் கணக்கு மட்டும் தீரவில்லை. ஷப்னத்தின் நிக்காஹில் தட்டுக்கு நடுவே பள்ளமாக இருப்பதை மாப்பிள்ளை வீட்டார் பார்த்து, ஒரு மாதிரியாகக் கேட்டார்களாம். பாரூக் துட்டு வாங்க மறுத்துவிட்டார். "ரெண்டு கிலோ பன்னீர் திராட்சை மாப்ள. நீயே பொறுக்கி, நீயே கொண்டாந்து குடு." வருஷா வருஷம் திராட்சைப் பருவத்தில் கஸ்பார் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டிக்கு நடக்கிறார். நடந்தால் ஐந்து நிமிஷம். கடைசியாக இரண்டாயிரத்து நாலில் பாரூக் அதைத் தராசில் வைத்தபோது ஒன்றே முக்கால் கிலோ இருந்தது.

"கால் கிலோ கொறையுதே?"

"வெயிலு பாய். வத்திப்போச்சு."

"கொறைஞ்சத வாங்க மாட்டேன். ரெண்டு கிலோவா வரட்டும்" என்று பையைத் திருப்பிக் கொடுத்தார் பாரூக். கஸ்பார் அதை வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் நேரா வாரேன்" என்று சொல்லி, ஒரு கொத்தைப் பிய்த்தபடி படியிறங்கிப் போனார்.